வலைக்குள் கிடந்த பந்து

அரியலூர்க்காரன் பெரம்பலூரில் லைன்ஸ்மேன் கொடி பிடிக்கலாமா? கூடாது. சத்தியமாகக் கூடாது. அதுவும் ஆடுவதே அந்த இரண்டு ஊர்தான் என்றால், கொடியைத் தொடுகிறவனுக்கு மூளை இல்லை என்று அர்த்தம். நான் தொட்டேன்.

எழுபதுகளின் கடைசி. எனக்குக் கல்யாணமாகி முதல் வருஷம். சொந்த ஊர் அரியலூர், பெண் எடுத்தது பெரம்பலூரில். பொங்கல் விருந்துக்கு மாமனார் வீட்டுக்குப் போயிருந்தேன். காணும் பொங்கலன்று பள்ளிக்கூட மைதானத்தில் ஃபுட்பால் ஃபைனல். திருச்சியிலிருந்து ரெஃப்ரீ வந்துவிட்டார். கூட வரவேண்டிய இரண்டு லைன்ஸ்மேன்களில் ஒருவருக்குக் காய்ச்சல். நான் ரெஃப்ரீ பரீட்சை பாஸ் செய்தவன் என்று யாரோ பற்ற வைத்துவிட்டார்கள். யாரோ என்ன யாரோ, என் மாமனார்தான்! "நம்ம வூட்டு மாப்ள இருக்காருல்ல, அவரு புடிப்பாரு" என்று கமிட்டிக்காரர்களிடம் சொல்லிவிட்டு வந்து நின்றார். பெருமை தாங்கவில்லை மனிதருக்கு. உள்ளூர்க்காரர்கள் ஊர் மாப்பிள்ளை என்று ஒப்புக்கொண்டார்கள். அரியலூர்க்காரர்கள் நம்ம பையன் என்று ஒப்புக்கொண்டார்கள். அப்போதே பஸ் ஏறியிருக்க வேண்டும்.

அந்த வருஷத்துப் புதுமை, வலை. அதுவரை எங்கள் பக்கத்தில் கோல் என்றால் நட்டுவைத்த இரண்டு சவுக்குக் கம்பு, மேலே குறுக்கே ஒரு கம்பு, அவ்வளவுதான். பந்து உள்ளே போனதா வெளியே போனதா என்று மேட்சுக்கு மேட்ச் அடிதடி. அதற்காகவே ஏரியில் மீன் பிடிக்கிறவர்களிடம் கேட்டு இரண்டு பழைய வலைகளை வாங்கிக் கட்டியிருந்தார்கள். "இனிமே சண்டைக்கே வேலையில்ல! பந்து வலைக்குள்ள கெடந்தா கோலு, அவ்ளோதான்!" என்று மைக்கில் சொன்னபோது கூட்டம் கை தட்டித் தீர்த்தது. வலையின் கீழ் ஓரம் காற்றில் தூக்காமலிருக்க, சுற்றிலும் கருங்கற்களை வைத்திருந்தார்கள். ஆட்டத்துக்கு முன்னால் கம்பமும் வலையும் சரியாக இருக்கின்றனவா என்று பார்ப்பது லைன்ஸ்மேன் வேலை. சுற்றி வந்து பார்த்தேன். எல்லாக் கல்லும் இருந்தது.

ஆட்டமா அது! அப்பப்பா! இரண்டு பக்கமும் ஆளுக்கு ஒரு கோல் போட்டாகிவிட்டது. முடிய இன்னும் கொஞ்ச நேரந்தான். கத்திக் கத்தி ஊருக்கே தொண்டை கட்டிவிட்டது. நான் கொடியோடு கோட்டோரம் ஓடிக்கொண்டிருந்தேன். எந்த ஊர் ஜெயிக்க வேண்டும் என்று கேட்டால் அரியலூர்தான், அதில் என்ன ஒளிவுமறைவு? ஆனால் கையில் கொடி இருக்கும்வரை எனக்கு ஊர் கிடையாது.

அப்போதுதான் பெரம்பலூர் பையன் ஒருவன் என் பக்கமாகவே பந்தைத் தள்ளிக்கொண்டு வந்து ஓங்கி ஒரு உதை விட்டான். புழுதி பறந்தது. பந்து கம்பத்துக்கு வெளியே, ஒரு முழம் தள்ளி, தரையை உரசிக்கொண்டு போனது. போய்ப் பக்கவாட்டு வலையில் முட்டியதா? வலை பாவாடை மாதிரி மேலே எழும்பியது! பந்து அடியில் புகுந்து, உள்ளே ஒரு சுற்று சுற்றி, கோலுக்கு நடுவில் சமர்த்தாக உட்கார்ந்துகொண்டது.

மைதானம் வெடித்தது. துண்டு பறக்கிறது, செருப்பு பறக்கிறது. ரெஃப்ரீக்கு முன்னால் ஏழெட்டு ஆட்டக்காரர்கள் மறைத்து நின்றார்கள். அவர்கள் விலகியபோது அவர் கண்ணில் பட்டது வலைக்குள் கிடக்கும் பந்து மட்டுந்தான். விசிலை ஊதிவிட்டு, கோல் என்று நடு மைதானத்தைக் கை காட்டிவிட்டு, திரும்பி ஓடிவிட்டார்.

நான் கொடியை உயர்த்திக்கொண்டு மூலையில் நின்றேன். தப்பு நடந்தால் லைன்ஸ்மேன் செய்ய வேண்டியது அதுதான். ரெஃப்ரீ பார்த்துக் கூப்பிடும்வரை கொடியை இறக்காமல் ஆடாமல் அசையாமல் நிற்க வேண்டும். அவர் பார்த்தால்தானே! நடுவில் பந்தை வைத்து ஆட்டத்தை மறுபடி தொடங்கிவிட்டால் போச்சு, அதன்பிறகு ரெஃப்ரீயே நினைத்தாலும் கோலை மாற்ற முடியாது. தொடங்க வேண்டியவர்கள் யார்? கோல் வாங்கிய அரியலூர்க்காரர்கள். அந்தப் புத்திசாலிகள் பதில் கோல் போடும் அவசரத்தில் பந்தைத் தூக்கிக்கொண்டு நடுவுக்கு ஓடுகிறார்கள்! எனக்கு ரத்தம் கொதித்தது. லைன்ஸ்மேன் கத்தக் கூடாது. கத்தினேன். "எடுக்காதீங்கடா டேய்! பந்தை எடுக்காதீங்கடா!"

எங்கள் ஊர் கோல்கீப்பர் மட்டும் திரும்பிப் பார்த்தான். என் கொடியைப் பார்த்தான். பிடித்தான் பாருங்கள் ஓட்டம்! பாதி மைதானத்தை ஒரே மூச்சில் கடந்து, நடுவில் வைத்திருந்த பந்தின் மேலேயே போய் விழுந்து கட்டிக்கொண்டான். ரெஃப்ரீ அவனை அதட்ட வாயைத் திறந்தார். அவன் என் பக்கம் கையை நீட்டினான்.

ரெஃப்ரீ என்னிடம் வந்தார். கூட்டத்துக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு மெதுவாகக் கேட்டார்.

"என்ன பார்த்தீங்க?"

"வெளிய போன பந்து சார். பக்கவாட்டுல வலைக்கு அடியில பூந்துடுச்சு."

"நூத்துக்கு நூறா?"

"நூத்துக்கு நூறு சார்."

"கல்லு வச்சிருக்கே, வலை எப்படித் தூக்கும்?"

"நான் பார்த்தப்ப இருந்துச்சு சார்."

அதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல்: "அவன் அரியலூர்க்காரன்டா!" அவ்வளவுதான், பற்றிக்கொண்டது. பொங்கல் விருந்து சாப்பிட வந்த மாப்பிள்ளை ஒரு நிமிஷத்தில் துரோகியாகிவிட்டேன். கயிற்றைத் தாண்டி ஆட்கள் உள்ளே இறங்கினார்கள். இரண்டு பேர் கையில் சவுக்குக் கட்டை. ரெஃப்ரீ அசரவில்லை. "வாங்க, வலையைப் பார்த்துடுவோம்" என்று நடந்தார்.

வலையோரத்தில் ஓரிடத்தில் கல் இல்லை. வலை தொளதொளவென்று கிடந்தது. இரண்டடி தள்ளி அந்தக் கல் இருந்தது. கல்லின் மேல் ஒரு பெரியவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாவகாசமாக உட்கார்ந்திருந்தார். என் மாமனார்!

ஊரே பார்க்க மாமனாரை எழுந்திரு என்று எந்த மாப்பிள்ளை சொல்வான்? ரெஃப்ரீக்கு உறவு தெரியாது. "பெரியவரே, எந்திரிங்க" என்றார். மாமனார் அவரைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்தார்.

"எந்திரிங்க மாமா" என்றேன்.

எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார்.

"இது வலை மேல இருந்த கல்லா?" என்று ரெஃப்ரீ கேட்டார்.

"ஆமாங்க. நின்னு நின்னு காலு கடுத்துச்சு, எடுத்துப் போட்டு ஒக்காந்தேன்." அதோடு விட்டாரா? யாரும் கேட்காமலே, கட்டையோடு வந்தவர்களுக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னார்: "பந்து என் காலோரமா இப்படித்தான் பூந்துச்சு. எந்தப் பக்கமா பூந்தா என்னங்க, வலைக்குள்ளதான கெடக்கு? கோலுதான?"

அரியலூர் பக்கம் சிரித்தது பாருங்கள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டார்கள். பெரம்பலூர் பக்கம் தலையில் அடித்துக்கொண்டார்கள். "யோவ் பெருசு, கெடுத்தியேய்யா!" கட்டை வைத்திருந்தவர்கள் அதைக் கீழே போட்டுவிட்டு அவரைத் திட்டத் தொடங்கினார்கள்.

"வேடிக்கை பார்க்கிறவங்க பேச்சை வச்சு நான் முடிவு பண்ண முடியாது, உங்க கொடியை நம்பித்தான் மாத்துறேன்" என்று என்னிடம் சொல்லிவிட்டு, ரெஃப்ரீ கோல் இல்லை என்று கை காட்டினார். கல்லை நானே தூக்கி வலைமேல் வைத்தேன். கடைசி நிமிஷத்தில் அரியலூர் எதிர்ப்பக்கம் ஒரு சுத்தமான கோல் போட்டுக் கோப்பையைத் தட்டிக்கொண்டு போனது. உள்ளுக்குள் நான் குதித்த குதி எனக்குத்தான் தெரியும்.

திரும்பி வரும்போது தெரு நெடுக மாமனாருக்குத்தான் பாட்டு. "எந்தப் பக்கமா பூந்தா என்னவாம்!" என்று ஆளாளுக்கு அவர் குரலிலேயே பேசிக் காட்டினார்கள். என்னை ஒருவரும் சட்டை செய்யவில்லை. வீட்டில் என் மனைவி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். "எங்கப்பாவ ஊரு சிரிக்க வச்சிட்டீங்கல்ல?"

மனசு கேட்கவில்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்து, பந்து முன்பக்கமாக இரண்டு கம்பத்துக்கும் நடுவில் போனால்தான் கோல் என்று பொறுமையாக விளக்கினேன். ரெஃப்ரீ பரீட்சை பாஸ் பண்ணியவன் அல்லவா! அவரும் குறுக்கே பேசாமல் முழுசாகக் கேட்டுக்கொண்டார்.

"மாப்ள, நீங்க பொறக்குறதுக்கு முன்னாடியிலேருந்து அந்த கோலுக்குப் பின்னாடிதான் நிக்கிறேன். எனக்கா தெரியாது?" என்றார். "ஒங்கள அடிக்கக் கட்டையத் தூக்கிட்டு எறங்கிட்டானுங்க. வேற என்ன பண்ணச் சொல்றீங்க?"

அவர் உள்பக்கம் திரும்பி மகளிடம் குரல் கொடுத்தார்.

"எலையப் போடும்மா, மாப்ள பசியோட இருக்காரு."