வாடவிட்ட சாத்துக்குடி

ஆள்காட்டி விரலை முழுதாக மண்ணுக்குள் இறக்கி, எடுத்து, கட்டைவிரலோடு தேய்த்துப் பார்த்தார் ஜெயசீலி. ஈரம் ஒட்டவில்லை. "அச்சா, இன்னும் ஒரு வாரம் கெடக்கட்டும்" என்று எழுந்தார். தலைக்கு மேலே சாத்துக்குடி இலைகள் சுருண்டு தொங்கின. அதைப் பார்த்து அவருக்கு இரக்கம் வந்ததாகத் தெரியவில்லை. வந்தாலும் காட்டிக்கொள்கிற ஆளில்லை.

பம்பாய் செம்பூரில் பழைய குடியிருப்பு ஒன்றின் தரைத்தள வீடு. சன்னலுக்கு வெளியே இரண்டு கட்டில் போடும் அளவு மண். அதில்தான் ஏழு வருடமாக அந்த மரம் நிற்கிறது. ஜெயசீலிக்கு ஊர் நாசரேத், வேலை நர்ஸ். டாக்டர்களே அவரிடம் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார்கள். குடியிருப்பு முழுவதற்கும் அவர் 'சிஸ்டர்'.

மரம் தழைத்ததே தவிரக் காய்க்கவில்லை. வருகிற அக்டோபருக்குள் பழம் இல்லையென்றால் வெட்டிவிட்டு ஸ்கூட்டர் நிறுத்துவது என்று சொசைட்டி செயலாளர் வேங்கடசுப்ரமணியன் கெடு வைத்துவிட்டார்.

வைத்தியம் ஜெயசீலிக்குத் தெரியும். வார்டில் படுத்திருந்த நாக்பூர் தோட்டக்காரர் ஒருவர் சொல்லிக் கொடுத்தது: டிசம்பர் பாதியில் தண்ணீரை நிறுத்து, ஒரு மாதம் வாடவிடு, பிறகு எருவும் தண்ணீரும் கொடு, பூத்துத் தள்ளும். இரண்டு வருடம் செய்தும் பலிக்கவில்லை. காரணம் முதல் மாடியில் இருந்தது. கடையநல்லூர்க்காரி சாதியா, மரம் வாடுவது பொறுக்காமல் தினமும் அரிசி கழுவின தண்ணீரைச் சன்னல் வழியே ஊற்றிக்கொண்டிருந்தாள். மூன்றாம் வருடம் கையும் பாத்திரமுமாகப் பிடிபட்டாள்.

"வாடிப் போய்க் கெடக்கே யக்கா, பாவம்லா?"

"பாவம் பாத்தா பழி வந்து சேரும்ட்டீ! ஆபரேசனுக்குப் போற பேஷண்டுக்கு நீ டீ வாங்கிக் குடுப்பியா?"

அதோடு விடவில்லை. 'வாய்வழி எதுவும் கொடுக்கக் கூடாது' என்று தமிழிலும் இந்தியிலும் மராத்தியிலும் அட்டையில் எழுதி, நோயாளியின் கட்டிலில் மாட்டுவதுபோல மரத்தில் மாட்டினார். குடியிருப்பே சிரித்தது. ஆனால் ஒரு சொட்டும் விழவில்லை.

பிப்ரவரியில் மரம் பூத்தது. பிறகு சிஸ்டரைக் கையில் பிடிக்க முடியுமா? தாணே போகிற பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண்ணைக்கூட விடவில்லை. "சாத்துக்குடிப் பூவ மோந்து பாத்திருக்கியளா? இல்லேல்லா? அப்போ வீட்டுக்கு வாங்க." மழைக்கு உதிர்ந்தது போகப் பத்தொன்பது காய் நின்றது. அந்தக் கர்வம் அவருக்கு அழகாகவே இருந்தது. மூன்று வருடம் மனதைக் கல்லாக்கிச் சம்பாதித்தது அல்லவா?

அக்டோபர் கடைசி நாளில் வேங்கடசுப்ரமணியன் அளவு டேப்போடு வந்தார். அண்ணாந்து பார்த்தார்.

"எல்லாம் பச்சையா, காயாவே இருக்கே சிஸ்டர். மார்க்கெட்ல மஞ்சளான்னா வரது? சொன்ன டயம் முடிஞ்சாச்சு."

"பம்பாய் புழுக்கத்துல தோலு மஞ்சளாவாது சார். உள்ள பழுத்தாச்சு."

ஜெயசீலி ஒன்றைப் பறித்தார். அதுவரை அவரும் ருசி பார்த்ததில்லை. சன்னலில் கிடந்த கத்தியால் குறுக்கே வெட்டிப் பாதியை நீட்டினார். வேங்கடசுப்ரமணியன் சந்தேகத்தோடு வாயில் வைத்தார். உறிஞ்சினார். சாறு முழங்கைவரை வழிந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

"இனிக்கறதே" என்றார், புகார் சொல்கிற குரலில்.

ஜெயசீலி அவருடைய இன்னொரு கையிலிருந்த டேப்பை வாங்கிச் சன்னலில் வைத்துவிட்டு, காலியான அந்தக் கையில் மறுபாதியை வைத்தார்.