வாயுவாம் வாயு

வடக்கு வீட்டுக்காரி இப்பவும் சொல்லிட்டுத்தான் நடக்குதாளா மக்களே, நான் வாயு பிடிச்சு ஆஸ்பத்திரியில கிடந்தேன்னு? வாயுவாம் வாயு. நீ இங்க புதுசா குடிவந்தவ, உனக்குத் தெரியாது. உக்காரு, சொல்லுதேன்.

போன மழைக்காலம், இதே பாறசாலை வீட்டுலதான். என் நாத்தூன் காஞ்சிரங்குளத்துலேருந்து வந்திருந்தா. பூவார்லேருந்து வாற மீன்காரிகிட்ட நல்ல விளமீனா வாங்கி, தேங்கா அரைச்சு, குடம்புளி போட்டு வச்சேன். கூட மரச்சீனிக் கிழங்கு அவிச்சது. அந்தக் கறிய நீ தின்னிருக்கணும், அது கிடக்கட்டு. தின்னுட்டு இருக்கும்போ தொண்டையில சுருக்குன்னு ஒரு குத்து. நம்ம ஊர்ல என்ன செய்வோம்? நாத்தூன் மரச்சீனிய உருட்டித் தந்து, "மெல்லாதீங்க மைனி, அப்படியே விழுங்குங்க"ன்னா. விழுங்குனேன். குத்து போச்சு. நானும் மறந்துட்டேன்.

அடுத்த ஞாயித்துக்கிழமை சர்ச்சுல பாட்டுக்கு எந்திரிச்சு நிக்கேன். எழுத்து தெரியாட்டாலும் பாட்டெல்லாம் எனக்கு மனப்பாடமாக்கும். பாதிப் பாட்டுல வலது அடிவயித்துல கத்திய எறக்குன மாதிரி ஒரு வலி.

ஜங்ஷன் டாக்டர் வயித்தத் தொட்டுக்கூட பாக்கல்ல. "கேஸ் ஆணு அம்மச்சி, பேடிக்கண்டா"ன்னு ஒரு ஊசி. வாயுதானாம், பயப்படாண்டாமாம், அவருக்கென்ன. வீட்டுக்கு வந்தா நாத்தூன் சீரக வெள்ளம் கலக்குதா, மருமவ பூண்டு சுடுதா, மவன், "கண்டதையும் தின்னிருப்ப"ங்கான். ராத்திரி முழுக்க காய்ச்சல்ல பல்லு கிட்டுது. காலையிலயும் வாயுன்னுதான் சொல்லுதாவ. நான் கத்திட்டேன். "எலே, நான் செத்த பெறவு கல்லறையிலயும் வாயுன்னுதான் எழுதி வைப்பியா? வண்டிய எடு."

நெய்யாற்றின்கரைக்குப் போனோம். அங்க ஒரு லேடி டாக்டர், வயித்த அமுக்கிப் பாத்து, அப்பெண்டிக்ஸோன்னு சந்தேகப்பட்டா. அது என் இளையவன் பிறக்கதுக்கு முந்தியே எடுத்தாச்சு. தழும்பைக் காட்டுனேன். உடனே, "அம்மச்சி, மீன் முள்ளு ஏதும் உள்ள போச்சா?"ன்னு கேட்டா. எனக்கு வந்ததே கோவம். கடக்கரையில பிறந்தவகிட்ட மீன் தின்னத் தெரியாதான்னு கேக்குதா. "முள்ளோட விழுங்க நான் என்ன கொக்கா?"ன்னேன். நாத்தூன்தான் மெதுவா, "மைனி, அந்த மரச்சீனி உருண்டை"ன்னு இழுத்தா.

ஸ்கேன்ல தெரிஞ்சுட்டு. முள்ளு குடலைத் துளைச்சு வெளிய எட்டிப் பாக்குது, சுத்தி சீழ். விழுங்குன முள்ளு தானாவே வெளிய போயிருமாம், இப்படிக் குத்துறது அபூர்வமாம். இன்னும் தாமசிச்சிருந்தா ஆளு பிழைக்காதுன்னா. மவன் ஓடிப்போய் ஆப்பரேஷனுக்குக் கையெழுத்துப் போட்டான். அன்னைக்கே வயித்துல சின்னச் சின்னத் துவாரம் போட்டு, முள்ளை எடுத்து, குடலைத் தைச்சு, மருந்து ஏத்துனாவ. முள்ளைக் குப்பியில போட்டுக் காட்டுனப்போ, தையல் வலிச்சாலும் எனக்கு சிரிப்பு வந்துட்டு. பிழைச்சுட்டேன்லா.

தொண்டையில முள்ளு மாட்டுனா உருண்டை விழுங்கவே கூடாதாம், ஆஸ்பத்திரிக்கு வந்து எடுத்துட்டுப் போணுமாம். சரி, அது எங்களுக்குத் தெரியல்ல. ஆனா வயசானவ வயித்தைப் பிடிச்சிட்டு நின்னா, தொட்டுக்கூட பாக்காம வாயுன்னு சொல்லுதாவ பாரு, அது சொல்லுறவங்களுக்கு சவுகரியமாக்கும். வலி என் வயித்துலல்லா இருந்துது. இப்ப யாரு வலிக்குன்னு சொன்னாலும், பச்சப்பிள்ளையானாலும், எங்கன்னு கேட்டு கைய வச்சுப் பாக்காம நான் வாயத் தொறக்கதில்ல.

அந்த ஆடு கயித்தை அறுத்துட்டு வாழைக்குள்ள போவுது பாரு. இரு மக்களே, பிடிச்சுக் கெட்டிட்டு வாறேன்.