தள்ளிவிட்டது யாரும் இல்லை

பல்கலைக்கழக நூலகத்தில் புத்தகம் கொடுத்து வாங்கும் மேசை அவருடையது. யாராவது வாயைத் திறந்தால் போதும், அங்கிருந்து 'உஸ்' என்று ஒரு சத்தம் வரும். அதனால் மாணவர்களுக்கு அவர் 'உஸ் மேடம்'. அந்தப் பெயர் காதில் விழாததுபோல் இருந்துவிடுவார். வீட்டில் கணவரிடம் மட்டும் சொல்லிச் சிரிப்பார்.

விடுதியில் குடிதண்ணீர் சரியில்லை என்று எழுதியதற்காக மாணவர்களின் சுவர்ப் பத்திரிகையை நிர்வாகம் கிழித்துப் போட்டது. மறுநாள் அவர்கள் வாயில் கறுப்புத் துணி கட்டிக்கொண்டு நூலகப் படிகளில் உட்கார்ந்துவிட்டார்கள். கோஷமில்லை, கூச்சலில்லை. அப்படியும் அவருக்கு எரிச்சல்தான்.

"படிக்க வர்றவங்க எப்படிம்மா ஏறி வர்றது?" என்று முன்னால் இருந்த பெண்ணிடம் கடுகடுத்தார். அவள் ஓரமாக விட்டிருந்த வழியைக் கையால் காட்டினாள்.

சாயங்காலம் தூறல். அந்த வழியில் இறங்கும்போது கால் வழுக்கி விழுந்தார். மணிக்கட்டு முறிந்துபோனது. அந்தப் பெண்தான் ஓடி வந்து, தன் வாயில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துக் கைக்குத் தூளி கட்டினாள். மருத்துவமனைவரை கூடவே வந்தாள்.

மாவுக்கட்டோடு வீட்டில் இருந்தபோதுதான் செய்தி வந்தது. போராட்டக்காரர்கள் நூலக ஊழியரைத் தள்ளிவிட்டார்களாம். அந்தப் பெண்ணையும் இன்னும் சிலரையும் இடைநீக்கம் செய்திருந்தார்கள். பின்னாலேயே பதிவாளரின் போன்.

"விசாரணையில நீங்க பெரிசா ஒண்ணும் பேச வேண்டாம் மேடம். கூட்டத்துல யாரோ தள்ளிட்டாங்கன்னு சொன்னாப் போதும்."

கணவர் அவருக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தார். பின்னல் கோணிக்கொண்டு போனது.

"நமக்கெதுக்கும்மா வம்பு? ஓய்வு பெறப்போற நேரத்துல."

"நானா தேடிப் போனேன்? வம்புதாங்க போன் பண்ணி வருது."

அதன்பிறகு அவருக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. கண்ணை மூடினால் கறுப்புத் துணியை அவிழ்க்கும் அந்தக் கைகள் தெரிந்தன.

விசாரணைக் குழுவின் தலைவி சட்டத்துறைப் பேராசிரியை. "உங்களைத் தள்ளினது யாரு?" என்று நேராகக் கேட்டார்.

"யாரும் தள்ளலீங்க. படியில மழைத்தண்ணி. என் செருப்பும் தேஞ்சு போயிருந்துச்சு."

"அந்த நெரிசல்ல உங்களுக்கே தெரியாம..." என்று பதிவாளர் குறுக்கே வந்தார்.

"நெரிசலே இல்லீங்க சார். வழி விட்டுத்தான் உட்கார்ந்திருந்தாங்க. அவங்க அங்க உட்கார்ந்தது எனக்கும் பிடிக்கல. பிடிக்கலைங்கறதுக்காக, பண்ணாததைப் பண்ணினாங்கன்னு சொல்ல முடியுமா? சத்தம் போட்டிருந்தா நானே விரட்டியிருப்பேன்."

பேராசிரியை சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

வெளியே வந்து, நடைக்கூடத்துப் பெஞ்சில் கணவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். கொஞ்ச நேரம் கழித்துக் கதவு திறந்தது. பேராசிரியை குழுவின் முடிவைச் சொன்னார். இடைநீக்கம் ரத்து. வழியை மறிக்காமல், அமைதியாக உட்காருவதற்கு இனி தண்டனை கிடையாது. சுவர்ப் பத்திரிகைக்கும் முன் அனுமதி வேண்டாம்.

அந்தப் பெண் ஓடி வந்தாள். ஏதோ சொல்ல வந்தவள், அழத் தொடங்கினாள்.

"இன்னைக்குத்தான் வாயில துணி இல்லையே, பேசேம்மா!" என்றார் இவர். இவருக்கும் கண் கலங்கியிருந்தது.

வீடு திரும்பியதும் கணவர் தம்பிக்குப் போன் போட்டார். "உங்க அண்ணி ஒரே போடா போட்டுட்டாடா!" தான்தான் தைரியம் சொல்லி அனுப்பியதுபோல் இருந்தது அவர் குரல். திருத்தலாம் என்று வாயெடுத்தார் இவர். எடுத்த வாயில் கொட்டாவிதான் வந்தது. மாவுக்கட்டுக் கையைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு, அப்படியே தூங்கிப்போனார்.