என்ர புட்டை வித்த மனுசன்

அந்த விண்ணப்பத்தைத் திறந்து பேரைக் கண்ட உடனை நான் எழும்பிப் போய் அறைக் கதவைச் சாத்தினன். முகத்திலை சிரிப்பு வந்திட்டுது, அதை மற்றவை பாக்கக் கூடாது. ஏழு வருசமாய் நான் மனசுக்குள்ளை ஏசிக்கொண்டு திரிஞ்ச ஆள், தானாய் வந்து என்ர மேசையிலை விழுந்திருக்கிறார். என்னட்டை வேலை கேட்டு.

நான் ஜேர்மனியிலை, லைப்சிக் நகரத்திலை ஒரு சின்னக் கொம்பனியிலை வேலை செய்யிறன். பள்ளிக்கூடப் பிள்ளையள் போனிலை கணக்குப் படிக்கிற ஆப் ஒண்டு செய்யிறம். மொத்தம் ஒன்பது பேர். ஆப்புக்குப் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்த எஞ்சினியர் வேறை இடத்துக்குப் போயிட்டார், புது ஆள் அவசரமாய் வேணும். கோடை லீவு முடிஞ்சு பள்ளிக்கூடம் துவங்கேக்கை புது ஆப் தயாராய் இல்லாட்டி, எங்களை நம்பியிருக்கிற பள்ளிக்கூடங்கள் வேறை கொம்பனியைப் பாத்துக்கொண்டு போயிடும். ஆளை எடுக்கிற பொறுப்பு எனக்கும் எங்கடை முதலாளிக்கும். முதலாளி ஒரு ஜேர்மன் மனுசி, நல்லவ, ஆனா பொறுமை குறைவு.

ஏழு வருசத்துக்கு முன்னம் நான் படிப்பு முடிச்ச கையோடை டார்ம்ஸ்டாட்டிலை அம்மா அப்பாவோடை இருந்தனான். அங்கையும் இதே மாதிரிப் படிப்பு ஆப் செய்யிற ஒரு கொம்பனி. இப்ப விண்ணப்பம் போட்ட இந்த ஜேர்மன் மனுசன் தான் அங்கை தலைமை எஞ்சினியர். வேலைக்கு எழுதிப் போட்டன். பரீட்சையாய் ஒரு வேலை தந்தார்: பின்னம் படிப்பிக்கிற ஒரு பக்கம் செய்து அனுப்ப வேணும்.

இஞ்சை பின்னம் எண்டா எல்லாரும் கேக்கைத் தான் வெட்டுவினம். முதலாம் வகுப்பிலை இருந்து இந்த நாட்டிலை படிச்ச எனக்கு அந்தக் கேக்கைக் கண்டு கண்டு அலுத்துப் போச்சு. அந்த நேரம் குசினிக்குள்ளை அம்மா குழலிலை இருந்து புட்டைத் தள்ளிக்கொண்டு நிண்டவ. மாவும் தேங்காய்ப்பூவும் மாறி மாறி, தொட்டா தேங்காய்ப்பூ இருக்கிற இடத்திலை அழகாய்ப் பிரியும். கால், அரை, முக்கால். ஒரு பிள்ளைக்கு இதை விட என்ன விளக்கம் வேணும்? ஒரு கிழமை மினக்கெட்டுச் செய்தன். மேலை ரெண்டு கோடு ஆவியும் கீறினன். அம்மா எட்டிப் பாத்திட்டு, "என்னடி, தேங்காய்ப்பூ காணாது. மேலை இன்னும் கொஞ்சம் போடு" எண்டவ. மேல் வரிசையை மட்டும் தடிப்பாய்க் கீறி அனுப்பினன்.

அவர் போன் எடுத்தார். "சுத்தமான வேலை தான். ஆனா இது என்ன சாமான் எண்டு எங்கடை பிள்ளையளுக்கு விளங்காது. அவைக்கு இது அந்நியம்" எண்டார். எங்கடை பிள்ளையளாம். அப்ப நான் ஆற்றை பிள்ளை எண்டு கேட்டிருக்க வேணும். நன்றி சொல்லிப் போனை வைச்சன், அந்த நன்றியை நினைச்சா இப்பவும் எனக்கு என்னிலை தான் கோவம் வரும். ரெண்டு நாளாலை அவர் கையெழுத்து வைச்ச கடிதம் வந்துது. "இந்தப் பணிக்குத் தேவையான முதிர்ச்சி உங்களிடம் இன்னும் இல்லை. உங்கள் எதிர்காலப் பாதையில் எல்லா நன்மைகளும் கிடைக்க வாழ்த்துகிறோம்."

நாலு மாசம் போயிருக்கும். அக்காவின்ர மகள் போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வாறாள். "சித்தி, புட்டு." பாத்தா என்ர புட்டு. அவையின்ர ஆப்பிலை. ஆவி, தடிச்ச தேங்காய்ப்பூ, எல்லாம் அப்பிடியே. பரீட்சைக்கு அனுப்பிறதெல்லாம் கொம்பனிக்குச் சொந்தம் எண்ட ஒரு தாளிலை நான் வாசிக்காமல் கையெழுத்து வைச்சிருந்தனான். "வைச்சிட்டு இப்ப ஆரோடை சண்டை பிடிக்கப் போறாய்? விடு பிள்ளை" எண்டார் அப்பா. விடேல்லை. அந்தக் கடிதத்தையும் நான் அனுப்பின படத்தையும் ஒரு கோப்பிலை போட்டு, வீடு மாறேக்கை எல்லாம் கூடவே கொண்டு வந்தன்.

இப்ப அவரின்ர விண்ணப்பத்திலை என்ன எழுதியிருக்கு தெரியுமோ? பின்னம் கற்பிக்கும் புதிய முறை, என் சொந்தக் கண்டுபிடிப்பு. உடனை குப்பையிலை போட்டிருக்கலாம். ஆனா போட்டா அவருக்கு நோகாது. எனக்கு அவர் நேரிலை வந்து முன்னாலை இருக்க வேணும். நேர்முகத்துக்கு டெர்மின் குடுத்தன், வாற செவ்வாய்க்கிழமை பத்து மணி. முதலாளிக்குப் பெரிய சந்தோசம், வந்த விண்ணப்பங்களிலை இது தான் திறம் எண்டா.

வந்தார். நல்ல கோட்டு, நல்ல சிரிப்பு. அவர் என்னை முந்தி நேரிலை கண்டதில்லை, கலியாணத்தோடை என்ர பேரும் மாறிப் போச்சு. தண்ணி ஊத்திக் குடுத்தன். குரலிலை தேனைத் தடவிக்கொண்டு, "உங்கடை அந்தப் பின்னப் பக்கத்தை ஒருக்காக் காட்டுங்கோ" எண்டன்.

பெரிய திரையிலை போட்டார். ஏழு வருசத்துக்குப் பிறகும் அம்மா சொல்லிப் போட்ட தேங்காய்ப்பூ மேலை தடிப்பாய் இருக்கு.

"இது என்ன?" எண்டு கேட்டன்.

"உருளை. பிள்ளைகளின் கவனம் சிதறாத ஒரு வடிவம். நிறைய ஆராய்ந்து தெரிவு செய்தேன்."

"மேல் கோடு மட்டும் ஏன் தடிப்பு?"

"பார்வை குறைந்த பிள்ளைகளுக்காக."

"அப்ப ஏன் புகை வருகுது?"

தண்ணியிலை ஒரு மிடறு குடிச்சார். "விடை சரி என்றால் ஒரு உற்சாகம்."

விடை பிழைச்சாலும் அந்தப் புகை வரும், நான் தானே கீறினது. கோப்பைத் திறக்கக் கை வைச்சன். அதுக்கிடையிலை முதலாளி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரைக்குக் கிட்டப் போய் நிண்டா.

"இது உன்ர பிறந்தநாள் கேக் எல்லோ?" எண்டு என்னைத் திரும்பிப் பாத்துக் கேட்டா.

இஞ்சை வேலையிடத்திலை பிறந்தநாள்காரர் தான் மற்றவைக்குக் கேக் கொண்டு வர வேணும். எனக்குக் கேக் சரிவராது. அதாலை ஒவ்வொரு வருசமும் குழல் புட்டு அவிச்சு, வாழைப்பழமும் சீனியும் வைச்சுக் கொண்டு போவன். அவை அதிலை மெழுகுதிரியைக் குத்தி வைச்சிட்டுத் தான் தின்னுவினம்.

"ஓம், அது தான்" எண்டு சொல்லி, என்ர படத்தையும் அவரின்ர கடிதத்தையும் பக்கத்திலை பக்கத்திலை வைச்சன். கடிதத்திலை என்ர பழைய பேர் இருந்தது. மனுசன் அதைப் பாத்தார், என்னைப் பாத்தார். முகம் சிவந்து போச்சு. ஒரு மன்னிப்புக் கேப்பார் எண்டு நினைச்சன்.

"நீங்கள் அந்தத் தாளில் கையெழுத்து வைத்தீர்களே" எண்டார்.

ஏழு வருசமாய் என்னை அவர் மறந்திருப்பார் எண்டு நினைச்சுக்கொண்டிருந்தன். தாள் வரைக்கும் நினைவிருக்கு.

அவர் போன பிறகு முதலாளி திரையை நிப்பாட்டிப் போட்டு என்னட்டைத் திரும்பினா. "கள்ளன் தான். ஆனா கெட்டிக்காரன். அவனை எடுத்தா ஆப் நேரத்துக்கு முடியும், எடுக்காட்டி முடியுமோ தெரியாது. நீ சொல்லு" எண்டா. பிழைபிடிக்க ஏலாத கதை தான். பள்ளிக்கூடங்கள் போனா எங்கள் ஒன்பது பேரின்ர வேலையும் போகும்.

"ஆள் கிடைக்கிற மட்டும் நான் எழுதிறன்" எண்டன். அந்தக் கோடையிலை நான் லீவு எடுக்கேல்லை, கோவிச்சாலும் பரவாயில்லை எண்டு என்ர புருசனுக்குச் சொல்லி, நாங்கள் போக இருந்த பயணத்தையும் நிப்பாட்டினன். பள்ளிக்கூடம் துவங்க ரெண்டு நாள் இருக்க ஆப் பள்ளிக்கூடங்களுக்குப் போச்சு. அதிலை பின்னம் புதுசாய்க் கீறின புட்டிலை தான்.

அவர் வந்து போன அண்டைக்குப் பின்னேரமே அவருக்குப் பதில் எழுதக் குந்தினன். முதலாளி, "ரெண்டு வரி போதும், மரியாதையாய் எழுது" எண்டா. புதுசாய் ஒண்டும் எழுதேல்லை. அந்தப் பழைய கடிதத்தை எடுத்து, முதிர்ச்சி இல்லை எண்டதிலை இருந்து எதிர்காலப் பாதை வரைக்கும் ஒரு சொல்லும் மாத்தாமல் பாத்து ரைப் அடிச்சன். என்ர பேர் இருந்த இடத்திலை அவரின்ர பேர். அவரின்ர பேர் இருந்த இடத்திலை என்ர கையெழுத்து.