மூன்று கைக்கும் ஒரே கோணல்

லப்பைக்குடிக்காட்டுக் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு மாடி வீட்டு நிலைக்கு மேல், தேக்கில் வெட்டிய அரபு எழுத்தில் 'மாஷா அல்லாஹ்' பலகை ஒன்று இருக்கிறது. 2001இல் மாட்டியது. விருந்தாளிகள் அண்ணாந்து பார்த்துவிட்டு, "சவூதி மெஷின்ல வெட்டினதாம்ல" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போவார்கள். அதைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மெஷின் தானாக எழுந்து வந்து வெட்டிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டதா? எழுத்தை வரைந்தவன் நான், அஸ்லாம். வெட்டியவள் வீரம்மாள். அவளைப் பற்றி இந்த ஊரில் ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லமாட்டார்கள், அதனால் நான் சொல்கிறேன்.

வீரம்மாள் மீன்சுருட்டிப் பக்கத்துக்காரி. அவளுடைய அப்பாவுக்கும் அம்மாவுக்கும் சொந்தமாக ஒரு சாண் நிலம் இல்லை, அடுத்தவர் வயலில்தான் வேலை. பிறக்கும்போதே இடது கைப் பழக்கம். மூன்றாம் வகுப்பு வாத்தியார் ஸ்கேலைச் செங்குத்தாகப் பிடித்து அந்தக் கை முட்டியில் அடித்தார். அதற்கு அடுத்த வருஷம் பள்ளிக்கூடமே நின்றுபோய் நாற்றங்காலுக்குப் போனாள். கல்யாணமாகி வெள்ளாற்றங்கரைக்கு வந்த பிறகு மாமியார் இருசம்மாள், "பீச்சாங்கையால சோறு போடாத" என்று பந்தியிலிருந்து விலக்கிவிட்டாளாம். சிரித்துக்கொண்டேதான் இதையெல்லாம் என்னிடம் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவளுடைய கதையில் ஒரு இடம் மட்டும் நன்றாக நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியது. கதிர் அறுக்கிற கருக்கரிவாளுக்குப் பல் ஒரு பக்கம்தான் கொத்தியிருப்பார்கள். வலது கையில் பிடிப்பவர்களுக்கு அது தாளைக் கவ்வும். இடது கையில் பிடித்தால் பல் அந்தண்டைப் பக்கம் போய்விடும், அரிவாள் வழுக்கும். அறுப்புக்கு ஆள் கூட்டிப் போகிற கொத்துக்காரன் அவளைச் சோம்பேறி என்று திட்டினான். இரண்டு அறுவடை திட்டு வாங்கிய பிறகு அவளே அரிவாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து விஷயத்தைப் பிடித்துவிட்டாள். ஜெயங்கொண்டம் சந்தைக்கு வந்த கொல்லரிடம், மறுபக்கம் பல் கொத்தித் தரச் சொல்லி வாங்கி வந்தாள். அந்த வருஷம் வரிசையில் அவள்தான் முன்னால் போனாள்.

அப்துல் நாசர் சவூதியில், தம்மாமில் ஒரு பர்னிச்சர் பட்டறையில் பதினோரு வருஷம் இருந்துவிட்டு 1998இல் ஊருக்கு வந்தார். வரும்போது பெட்டியில் ஒரு மெஷின் கொண்டுவந்தார். மேசை போல ஒரு இரும்புத் தட்டு, நடுவே கம்பி கனத்தில் ஒரு பிளேடு, அது மேலும் கீழும் ஓடும். பலகையைத் தட்டில் வைத்து, கையால் தள்ளித் தள்ளித் திருப்பினால் பூ, கொடி, எழுத்து எது வேண்டுமானாலும் வெட்டலாம். நாங்கள் அதைக் கம்பி மெஷின் என்று சொன்னோம். அவர் இங்கே போட்ட பட்டறைக்குப் பெயிண்ட் வேலைக்கு நான் போனேன், மர வேலைக்கு ஆசாரி தர்மராஜ் வந்தார். நிலை, கதவு, பீரோ எல்லாவற்றிலும் கெட்டிக்காரர். ஆனால் கம்பி மெஷினில் உட்கார்ந்தால் ரம்பம் இழுக்கிற வேகத்தில் பலகையைத் தள்ளுவார், பிளேடு பட்டென்று போய்விடும். உப்புத்தாள் தேய்க்க வந்த வீரம்மாளை ஒருநாள் வேடிக்கையாக உட்காரச் சொன்னார்கள். இடது கையால் தள்ளி, வலது கையால் அணைத்து, முதல் நாளே பலகையில் ஒரு மாங்காய் வடிவத்தை வெட்டி எடுத்துவிட்டாள். அதன்பிறகு இரண்டு வருஷம் அந்த ஸ்டூல் அவளுடையது. இந்த ஊரில் பாதி வீட்டு ஜன்னல் வேலைப்பாடு அவள் வெட்டியது. இடது கை என்று அப்போது ஒருவர்கூடச் சொன்னதில்லை.

2001இல் மேலத்தெரு ஹாஜியார், ஷார்ஜாவில் இருக்கும் தன் மகன் ஆகிப் கட்டிய வீட்டுக்கு அந்தப் பலகையைக் கேட்டார். முக்கால் அங்குலத் தேக்கில் எழுத்துகளை வெட்டி எடுத்துப் பதிக்க வேண்டும். அதில் மூன்று அலிஃப், இரண்டு லாம், ஆக ஐந்து நெட்டைக் கோடுகள். வளைவில் பிளேடு கொஞ்சம் முன்னே பின்னே போனாலும் கண்ணை ஏமாற்றலாம். அலிஃபில் முடியாது. அது நிமிர்ந்து நிற்க வேண்டிய எழுத்து.

அந்த நேரம் பார்த்து நாசர் தம்மாமிலிருந்து கொண்டுவந்த பிளேடு எல்லாம் தீர்ந்துபோயிருந்தது. திருச்சியில் ஒரு கடையில் மலிவாக ஒரு பாக்கெட் வாங்கிவந்தார். வீரம்மாள் புதுப் பிளேடு மாட்டி முதல் அலிஃபை வெட்டினாள். நான் வரைந்த கோட்டில் ஆரம்பித்த பிளேடு, போகப் போக வலது பக்கம் ஒதுங்கியது. ஒரு சாண் போவதற்குள் ஒரு விரல்கடை விலகிவிட்டது. எழுத்தின் வயிற்றுக்குள்ளேயே பாய்ந்து தேக்கு வீண். இரண்டாவது துண்டும் அப்படியே.

ஹாஜியார் அப்போது பட்டறையில்தான் நின்றுகொண்டிருந்தார். முதலில் என்னைப் பார்த்து, "வரைஞ்சதே கோணலோ?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் தர்மராஜ், "கோடு சரியாத்தான் இருக்குங்க. அந்தப் பொண்ணு பீச்சாங்கை. அது தள்ளினா இப்படித்தான் போவும்" என்றார்.

ஹாஜியார் முகம் மாறியது. "அல்லாஹ் பேரை இடது கையாலயா வெட்டறீங்க? நாசரு, இதெல்லாம் பார்க்க மாட்டியா நீ?" என்றார்.

நாசர் என்ன சொல்லியிருக்க வேண்டும்? இரண்டு வருஷமாக இந்தக் கைதான் வெட்டியது, ஒரு நூல் விலகியதில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. "வலது கையால வெட்டும்மா" என்றார். அவள் கையை மாற்றி ஒரு வேப்பந்துண்டில் வெட்டிப் பார்த்தாள். அதுவும் வலது பக்கமே ஒதுங்கியது. உடனே தர்மராஜ், "பழக்கமில்லாத கை, பின்ன எப்படி வரும்?" என்றார். இடது கையால் வெட்டினால் இடது கைக் குற்றம், வலது கையால் வெட்டினால் வலது கைக் குற்றம். எந்தப் பக்கம் போனாலும் அவள்தான் குற்றவாளி.

பிறகு ஆசாரியே உட்கார்ந்தார். தட்டின் மேல் ஒரு ரீப்பர் கட்டையைக் கிளாம்ப் போட்டு இறுக்கி, அதில் பலகையை அணைத்துத் தள்ளினார். பெரிய வட்ட ரம்பத்தில் அப்படித்தான் நேர்க்கோடு வெட்டுவார்கள். இந்தக் கம்பி பிளேடு ரீப்பரையா மதிக்கும்? அதுவும் வலது பக்கமே ஒதுங்கி, கடைசியில் முறிந்தது. "வேம்பு வைரம் பாஞ்சிருக்கு" என்று எழுந்துவிட்டார். அவர் வெட்டிக் கோணினால் மரத்தின் குற்றம். இந்த நியாயத்தை எங்கே போய்ச் சொல்வது?

வீரம்மாளை ஸ்டூலிலிருந்து எழுப்பி மறுபடி உப்புத்தாள் தேய்க்க அனுப்பினார்கள். ஹாஜியார் என்னைச் சந்தேகிக்காமல் விட்டாரே என்று நான் மூச்சு விட்டேன். அதையும் இங்கே எழுதத்தான் வேண்டும்.

நானும் தொழுகிறவன்தான். சாப்பிடுவது, கொடுப்பது, வாங்குவது எல்லாம் எனக்கும் வலது கைதான், அது எங்கள் பழக்கம், அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் துஆ கேட்கும்போது இரண்டு கையையும் சேர்த்துத்தானே ஏந்துகிறோம். ஒரு பெண் ஒழுங்காகப் பலகை தள்ளுவதில் என்ன அசிங்கம் வந்தது?

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவள் என் பெயிண்ட் பெட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். கையில் மூன்று வேப்பந்துண்டு.

"இது நான் பீச்சாங்கையால வெட்டினது. இது சோத்தாங்கையால. இது ஆசாரி வெட்டினது. அடுக்கிப் பாருங்க பாய்."

ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தேன். மூன்றும் ஒரே பக்கம், ஒரே அளவு சாய்ந்திருந்தன.

"கை மூணு. கோணல் மட்டும் ஒண்ணாவே இருக்கு. என் கை தப்பா இருந்தா, கையை மாத்தினதும் அது அந்தாண்ட இல்ல ஒதுங்கியிருக்கணும்?" என்றாள். பிறகு ஒரு முறிந்த பிளேடைக் கொடுத்து, "நகத்தால ரெண்டு பக்கமும் தடவுங்க" என்றாள். ஒரு பக்கம் வழவழ என்று இருந்தது. மறுபக்கம் நகத்தில் முள் போலச் சுரண்டியது. "அடிச்சுப் பல்லு எடுக்கறப்ப பிசிறு ஒரு பக்கமா நின்னுடுச்சு. அந்தப் பக்கம்தான் மரத்தைத் திங்குது. பழைய பிளேடுல இது கெடையாது. எங்க ஊரு அருவா மாதிரிதான் பாய், இதுக்கும் ஒரு கை இருக்கு."

நான் இன்னொரு முறை தடவிப் பார்த்தேன். நாசர் பதினோரு வருஷம் தம்மாமில் இருந்தும் கண்ணில் படாத விஷயம்.

"நான் சொன்னா மொதலாளி காதுல வாங்க மாட்டாரு. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. எம் மேல தப்பில்லன்னு சொல்லுங்க, போதும்" என்றாள்.

"பார்க்கலாம்மா" என்றேன். மூன்று துண்டையும் வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொண்டேன். அன்று நாசர் இரண்டு முறை என் பக்கம் வந்தார். நான் தூரிகையைக் கழுவிக்கொண்டிருந்தேன். சொன்னால், அப்படியானால் உன் கோடுதான் கோணல் என்று ஹாஜியார் மறுபடி என் பக்கம் திரும்புவாரோ என்று பயம். அடுத்த நாளும் சொல்லவில்லை.

அதற்கு மறுநாள் ஹாஜியார் வந்துவிட்டார். வீடு குடிபோக ஐந்து நாள்தான் இருந்தது. தர்மராஜ் இன்னும் நான்கு பிளேடை முறித்துவிட்டுக் கதவு வேலை இருக்கிறது என்று ஒதுங்கிக்கொண்டிருந்தார். நாசர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். வீரம்மாள் உப்புத்தாளைக் கீழே வைத்தாள்.

"மொதலாளி, நான் வெட்டறேன்."

"வலது கையால வெட்டச் சொல்லு" என்றார் ஹாஜியார்.

"அப்படித்தான் வெட்டுவா ஹாஜியார்" என்றார் நாசர், அவளைக் கேட்காமலே.

அவள் எழுந்து மெஷினுக்குப் போனாள். முதலில் கிளாம்பைக் கழற்றி ரீப்பரை எடுத்துத் தூரப் போட்டாள். புதுப் பிளேடு மாட்டித் திருகை முறுக்கி, நகத்தால் சுண்டினாள். தொய்ந்த கம்பி போல் மந்தமாகச் சத்தம் வந்தது. மறுபடி முறுக்கினாள். தம்பூராக் கம்பி போல் கிண்ணென்று வந்த பிறகுதான் விட்டாள். மெஷினை ஓடவிட்டு, ஒரு சாணைக்கல் துண்டைப் பிளேடின் வலது பக்கத்தில் தொட்டும் தொடாமலும் வைத்து எடுத்தாள். ஒரு வேப்பந்துண்டில் வெட்டினாள். ஒதுங்கல் குறைந்திருந்தது, ஆனால் இன்னும் கொஞ்சம் இருந்தது. அது எவ்வளவு என்று பார்த்துக்கொண்டு, ஸ்டூலைச் சற்று வலது பக்கம் நகர்த்திப் போட்டு உட்கார்ந்தாள். பலகையின் தன் பக்கத்து முனையையும் அதே அளவு வலது பக்கம் திருப்பினாள். பிளேடு எந்தப் பக்கம் போக ஆசைப்பட்டதோ, அந்தப் பக்கத்தில் கோட்டைக் கொண்டுபோய் வைத்துவிட்டாள். பிறகு தேக்கை எடுத்தாள். அவசரமே இல்லை. மரம் தின்கிற அளவுக்குத்தான் தள்ளினாள்.

அவள் கையைக் கண்காணிக்க வேண்டும் என்று ஹாஜியார் மெஷினுக்கு எதிர்ப்பக்கம் போய் நின்றுகொண்டார். நானும் நாசரும் அவளுக்குப் பின்னால் நின்றோம்.

முதல் அலிஃப் வெளியே வந்தது. நூல் பிடித்தது போல் நேராக இருந்தது. ஹாஜியார் அதைக் கையில் வாங்கிக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். அவருக்கு நிஜமாகவே கண் கலங்கிவிட்டது.

"பாத்தியா நாசரு? வலது கைக்கு மாத்தினதும் அலிஃப் எப்படி நிக்குதுன்னு."

நாசர் என்னைப் பார்த்தார். எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். "ஆமாங்க ஹாஜியார்" என்றார்.

தர்மராஜ் கதவுக்குப் பின்னாலிருந்து, "நான் அப்பவே சொன்னேங்களே" என்றார்.

எனக்குள் என்னவோ கொதித்தது. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, அடுத்த எழுத்துக்குப் பலகையைத் திருப்பிக்கொண்டிருந்தாள். நான் பெட்டியைத் திறந்து மூன்று வேப்பந்துண்டையும் எடுத்து ஹாஜியார் முன்னால் தட்டின் மேல் வைத்தேன்.

"ஹாஜியார், நீங்க எதிர்ல நிக்கிறீங்க. உங்களுக்கு வலது பக்கமாத் தெரிஞ்சது அவ இடது கை. அலிஃபைத் தள்ளினது அந்தக் கைதான். ரெண்டு வருஷமா இந்த ஊரு ஜன்னலெல்லாம் வெட்டினதும் அந்தக் கைதான். இந்த மூணு துண்டையும் பாருங்க. அவ ரெண்டு கை, ஆசாரி கை, மூணுக்கும் ஒரே கோணல். பிளேடு செஞ்ச தப்பை அவ கை மேல போட்டோம். நானும் பார்த்துக்கிட்டுச் சும்மா இருந்தேன்."

ஹாஜியார் மூன்று துண்டையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். பிறகு அலிஃபைப் பார்த்தார். "அஸ்தஃபிருல்லாஹ்" என்றார் மெதுவாக. எதற்கு மன்னிப்புக் கேட்டார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அலிஃபைத் திருப்பிக் கொடுக்கவில்லை. கைக்குட்டையில் சுற்றிச் கையிலேயே வைத்துக்கொண்டு, "மத்ததையும் முடிக்கச் சொல்லு" என்று நாசரிடம் சொல்லிவிட்டுப் போனார். அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

நாசர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நாளையிலேருந்து நீயே இங்க உக்காரு" என்றார். எடுத்துக்கொண்டதைத் திருப்பிக் கொடுக்கிறோம் என்ற நினைப்பு துளியும் இல்லை, ஏதோ தானம் கொடுப்பது போல் சொன்னார். இந்தக் கையைத் தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று அந்தப் பட்டறையில் யாரும் அவளிடம் சொல்லவில்லை. பத்து நாள் கழித்துத் தர்மராஜ், பலகையைக் கொஞ்சம் திருப்பிப் பிடிக்கும் வித்தையைத் தானே கண்டுபிடித்ததாகத் திட்டக்குடி ஆசாரி ஒருவரிடம் விளக்கிக்கொண்டிருந்தார்.

எல்லோரும் கலைந்த பிறகு நான் அவள் பக்கத்தில் போய் நின்றேன். நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். எனக்கென்ன வெட்கம்.

அவள் லாம் எழுத்தில் ஒட்டிய தூளை ஊதிவிட்டு, பிளேடை ஒருமுறை சுண்டிப் பார்த்தாள்.

"இதை நீங்க முந்தாநேத்தே சொல்லியிருக்கலாம், பாய்" என்றாள். பிறகு இடது கையால் பலகையைத் தள்ள ஆரம்பித்தாள்.