பச்சைக் கதவும் பட்டுப்புடவையும்

இன்று மாட்டுங்காவில் பழைய கதவுகளைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு கட்டடத்தின் முதல் மாடியில் நான் தேடிய கதவு கிடைத்தது. தேக்கு, உரிந்துபோன பச்சை பெயின்ட், பித்தளை வளையம்.

மொபைலைத் தூக்கியதுமே கதவு திறந்தது. ஒரு மாமி.

"பில்டர் அனுப்பின ஆளா நீ? பில்டிங்கை இடிக்க நாங்க யாரும் சைன் பண்ண மாட்டோம். போய்ச் சொல்லு!"

"ஐயோ, இல்லை மாமி. கதவு அழகா இருக்கு, அதான்."

மாமியின் முகமே மாறிவிட்டது.

"முன்னமே சொல்லப்படாதோ? இரு."

கதவு சாத்திக்கொண்டது. மறுபடி திறந்தபோது மாமி பட்டுப்புடவையில் இருந்தார். நிலையில் மாவிலைத் தோரணம் ஏறியது. எதிர்வீட்டுக் குஜராத்திக் குடும்பத்துக்கும் அழைப்பு போனது: "ஆயியே, ஆயியே, ஃபோட்டோ!"

"மாமி, கதவைக் கொஞ்சம் சாத்தினா..."

"சாத்தின கதவை யாராவது படம் எடுப்பாளோ? ஆத்துல யாருமே இல்லைன்னு நினைச்சுப்பா. நன்னா விரியத் திறந்து வெச்சே எடு."

எடுத்தேன். காபியும் குடித்துவிட்டுத்தான் இறங்கினேன்.

படம் கீழே. எல்லோரும் சிரிக்கிறார்கள். பெரிதாக்கிப் பார்த்து, கதவு எங்கேயாவது தெரிந்தால் சொல்லுங்கள்.