அட்டையில் இருக்கும் கை

வலது கையை மணிக்கட்டு வரை தொட்டிக்குள் விட்டு, ஒன்று, இரண்டு என்று எண்ணுகிறார் தொட்டியக்கா. பத்து வரை தாங்கினால் சூடு சரி. எட்டிலேயே இழுக்கத் தோன்றினால், நீராவிக் குழாயை மூடச் சொல்லி ஆலையே அதிரக் கத்துவார். சுவரில்தான் வெப்பமானி இருக்கிறதே என்றால், "அது சுவத்துல இருக்கு, நான் தண்ணியில இருக்கேன்" என்பார்.

தொட்டியில் ஊறுவது வாழைநார். நாரில் ஒட்டிய பசையை நொதி தின்று தீர்க்கப் பத்து மணி நேரம் ஆகும். சூடு கூடினால் நொதி வீண். "மாப்பிள்ளை மாதிரி, தாங்கித் தாங்கி வேலை வாங்கணும்" என்பார், பக்கத்தில் நார் அலசும் கணவர் காதில் விழும்படியே. "பத்து மணி நேரமும் பேச்சு வாங்குறது நான்தான்" என்பார் அவர்.

இடது கையை யாரிடமும் நீட்ட மாட்டார். பழைய ஆலையில் காஸ்டிக் சோடா தின்ற கை அது. விரல் நுனிகளில் ரேகையே இல்லை. காஸ்டிக் கிடையாது என்றதால்தான் இந்த ஆலைக்கு வந்தார். வந்த வருடமே அவருடைய வலது கையைப் படம் பிடித்து, துணியில் தொங்கும் அட்டையில் போட்டார்கள். கீழே, 'வெறுங்கையில் விளைந்த துணி' என்று வாசகம். அந்த அட்டையைச் சம்பந்தி வீடு வரை கொண்டுபோய்க் காட்டியவர் அக்கா.

போன மாதம் ஆர்டர் கழுத்தை நெரித்தது. ஒரு காலையில் தொட்டியில் கையை விட்டவர் நான்கிலேயே இழுத்துக்கொண்டார். சூட்டினால் இல்லை. தண்ணீர் சோப்புபோல வழுக்கியது, தோல் சுறுசுறுவென்றது. நேரே மேலாளர் முன்னால் போய் நின்றார்.

"தொட்டியில என்ன கொட்டினீங்க?"

"கொஞ்சம் காஸ்டிக்தாம்மா. ரெண்டு மணி நேரத்துல முடிஞ்சிடும்ல? கையுறை வாங்கித் தர்றேன். வெளியாளுங்க வந்தா மட்டும் கழட்டிடு."

"அப்ப அட்டையில இருக்குற என் கையை எடுத்துடுங்க."

"அது உன் கைன்னு எவனுக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியுமே!"

மேலாளர் சிரித்தார். அக்கா விறுவிறுவென்று தொட்டிக்குத் திரும்பினார். பொய் சொல்லித்தான் பிழைக்க வேண்டும் என்றால் சொந்தக் கையைப் படம் போட்டுக்கொள்வதுதானே? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களுக்கு அடுத்தவள் கை எதற்கு? அன்று முதல் அக்கா தொட்டியில் கைவிட்டு எண்ணுவதை நிறுத்திவிட்டார். மேலாளர் வாங்கித் தந்த கையுறை ஆணியில் தொங்கியது.

இன்று துணி வாங்கும் கம்பெனிக்காரர்கள் நான்கு பேர் வந்து தொட்டியைச் சுற்றி நின்றார்கள். ஒருவர் கையில் அந்த அட்டை.

"எங்க அக்கா வெறுங்கையை விட்டுக் காட்டுவாங்க, பாருங்க" என்று பல்லெல்லாம் தெரியச் சிரித்த மேலாளர், குனிந்து அக்காவின் காதில், "ஒரு நிமிஷம்தான். வேலை வேணும்ல?" என்றார்.

வேலை வேண்டும்தான். வீட்டில் இருவர் சம்பளமும் இந்த ஆலையில்தான். ஈர நாரைப் பிடித்தபடி கணவர் இங்கேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா சரியென்று தலையாட்டினார். ஆணியில் தொங்கிய கையுறையை எடுத்து உதறினார். நான்கு பேரும் பார்க்க, வலது கையில் முழங்கை வரை இழுத்து மாட்டிக்கொண்டு, தொட்டிக்குள் விட்டு, உரக்க எண்ண ஆரம்பித்தார்.

"ஒண்ணு..."